பெரட்டுக் களத்தில் கம்பி போடாதே

தம்பி, இதை உட்கார்ந்துகொண்டு படி. எம்.ஆர்.டி. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற விஷயம் இல்லை இது. காஜாங்கில் ஏறுகிறவனுக்கு உட்கார இடம் கிடைக்கும், எனக்குத் தெரியும். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு வாரமாக நாம் நேரில் பேசினாலே மூன்றாவது வாக்கியத்தில் நீ "மா, ரிலேக்ஸ் லா" என்கிறாய், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. எங்கள் பழைய தோட்டத்து மாரியாயி அக்கா குடியிருக்கிற ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். நான் ஒளித்து வைக்க வேண்டியதை எல்லாம் இதிலேயே கொட்டிவிட்ட பிறகு யார் படித்தால் எனக்கென்ன.

திங்கட்கிழமை நீ ஆபீசில் என் நாற்காலியில் உட்காரப் போகிறாய். முப்பத்தைந்து வருஷம் நான் தேய்த்த நாற்காலி. இடது கைப்பிடி ஆடும், சாய்ந்துவிடாதே. மேசைமேல் பதினேழாம் எண் வரைபடம் இருக்கும். கிள்ளானுக்கு அப்பால் கட்டிக்கொண்டிருக்கிற நம் தீம் பார்க்கில் பெரட்டுக் களத்தின் படம். அதன் கீழே வலது மூலையில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. நான் போடவில்லை, போடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் அது உன்னிடம் வருகிறது. நான் ஓய்வு பெற்றதாக ஆபீசில் கேக் வெட்டினார்கள் அல்லவா, அது ஓய்வு இல்லை என்பது உனக்கும் தெரியும், கேக் வாங்கி வந்தவருக்கும் தெரியும். நீ கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே அந்தக் களத்தில் எஃகுக் கம்பிகளை ஊன்றுவார்கள், ஆட்கள் வளைந்து வளைந்து வரிசையில் நிற்க. நீ போடாவிட்டால் அங்கே புல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டாய். ஆமாம், இதற்குத்தான்.

உன் அம்மா வாழ்க்கை முழுக்க வரைந்தது வரிசையை. ஊரார் கேட்டால் "பார்க் டிசைன் பண்றாங்க" என்று நீ பெருமையாகச் சொல்வாய், அவர்களும் நான் ரோலர் கோஸ்டரைக் கண்டுபிடித்தது மாதிரிப் பார்ப்பார்கள். நான் வரைந்தது அந்த ரோலர் கோஸ்டருக்காக ஜனங்கள் கால் கடுக்க நிற்கிற இடத்தை. எங்கே வளைப்பது, எங்கே மின்விசிறி வைப்பது, எந்த மூலையில் ஒரு பொம்மையை நிறுத்திப் பிள்ளைகளின் அழுகையை அடக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக வரிசையின் முடிவைக் கண்ணில் காட்டாமல் எப்படி மறைப்பது. முடிவு தெரிந்தால் மனுஷன் எண்ண ஆரம்பித்துவிடுவான். தெரியாவிட்டால் நடந்துகொண்டே இருப்பான். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரி. பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட என் கண் அதைத்தான் பார்க்கும். கிள்ளானில் உன் பெரியம்மா மகள் கல்யாணத்தில் சாப்பாட்டு மேசையை நான் இழுத்துத் திருப்பி, இரண்டு பக்கமும் ஆள் போகிற மாதிரி வைத்தேனே, மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கேட்டரிங் ஆள் என்று நினைத்து ரசம் கேட்டார்களே, நீ அவமானம் தாங்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாயே. ஆனால் பத்தே நிமிஷத்தில் கூட்டம் கரைந்ததா இல்லையா, அதைச் சொல்.

உனக்கு ஏழு வயதில் நான் வரைந்த வரிசை ஒன்றில் உன்னையே நிற்க வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பள்ளி விடுமுறை, கொளுத்துகிற வெயில். நான் கையில் கடிகாரத்தோடு உன் பின்னால் நின்றேன். ஐம்பது நிமிஷம் நின்றாய். இறங்கி வந்ததும் "எவ்வளவு நேரம் நின்ன?" என்று கேட்டேன். "இருவது நிமிஷம் இருக்கும் மா" என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு உனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். பெற்ற பிள்ளையின் அரை மணி நேரத்தை அவனுக்கே தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்ட தாய் நான். இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

இந்தப் பார்க் வந்தபோது எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. அதுவரைக்கும் நாம் செய்தது எல்லாம் எங்கேயோ இருக்கிற கோட்டை, எவனோ ஒரு கடற்கொள்ளைக்காரன், ஃபைபரில் செய்த பனிமலை. முதல் தடவையாக ஒருத்தர், இந்தப் பார்க்கின் முதலாளி டத்தோ, வந்து, இந்த ஊரின் கதையை, இந்த மண்ணின் மேடு பள்ளத்தை வைத்தே ஒரு பார்க் வேண்டும் என்றார். அதுவும் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து நிலத்தில். நீயும் நானும் அந்த மேட்டில் ஏறி நின்ற முதல் நாள் புல்டோசர்காரர் கேட்டார், "பாஸ், இத சமமா வெட்டிரவா?" நீ எனக்கு முன்னால் பாய்ந்து, "அண்ணே, அதத் தொட்றாதீங்க, பார்க்கே அதான்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று முழுக்க நான் உன்னை மனதுக்குள் கொஞ்சிக்கொண்டிருந்தேன். கிள்ளான் ஆற்றில் கடல் ஏறி இறங்குவதைப் போலவே படகு ஓடையில் நீர்மட்டம் ஏறி இறங்க வேண்டும் என்று நீ சொல்லி, முடியாது என்ற பொறியாளர்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினாய். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தும் அங்கே ஒரு காலத்தில் செங்கல் அறுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சூளை ஒன்று வைத்தோம். களிமண்ணைக் கையால் அடித்து அச்சில் போட்டுத் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போகலாம். இவை எல்லாம் நல்ல வேலை, தம்பி. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. குறை பதினேழாம் எண் படத்தில் இருக்கிறது, அந்தப் படம் என்னுடையது.

பெரட்டு என்றால் என்ன என்று உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், நான் சொன்ன விதத்திலேயே அது தப்பாக இருந்தது. விடிவதற்கு முன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். லயத்து வீடுகளிலிருந்து எல்லாரும் களத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். உனக்கு எப்படிச் சொன்னேன்? பனி, காண்டா விளக்கு, வரிசையாக வாளிகள், இருட்டுக்குள்ளிருந்து பெயர்களும் பதில்களும் மாறி மாறி வரும், அவ்வளவு அழகு என்று சொன்னேன். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் நான் அந்த வரிசையில் நின்றதில்லை. அந்தக் கிராணி என் அப்பா. நான் ஆபீஸ் வராந்தாவில் பள்ளிச் சீருடையோடு நாற்காலியில் உட்கார்ந்து, மைலோவில் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டே அதைப் பார்த்தவள். மேலே இருந்து பார்க்கிறவளுக்கு வரிசை என்பது கோலம். முப்பத்தைந்து வருஷம் ஜனங்களை வரிசையில் வைத்தது எனக்கு ஏன் அவ்வளவு இயல்பாக வந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அதனால்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. பார்க்கில் ஓடப்போகிற தோட்டத்து ரயிலுக்கு ஆட்கள் காத்திருக்க ஒரு இடம் வேண்டும். பக்கத்திலேயே பழைய பெரட்டுக் களம் இருக்கிறது. அங்கேயே வரிசையை வைத்துவிட்டால்? அன்றைக்குத் தொழிலாளிகள் நின்ற இடத்திலேயே இன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் நிற்பார்கள், ஒருவர் கிராணியாக வேஷம் போட்டு வந்து டிக்கெட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் போய் ரயிலில் ஏறலாம். கிள்ளான் மேடை நடிகர் ஒருவரை வரவழைத்து என் அப்பாவின் குரலை நானே பேசிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி, பேரேட்டைப் பார்த்தபடியே தலையைத் தூக்காமல் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தாமதமாக வருகிறவர்களைச் சிரிப்பாகத் திட்டுவதற்கு ஒரு வசனமும் எழுதினேன். அதை யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அப்பா சொல்வது அப்படியே நாக்கில் இருந்தது: "நேரம் போச்சு. இன்னிக்கு உனக்குப் பேர் இல்ல. வீட்டுக்குப் போ." வாக்கியம் ஞாபகம் இருந்தது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஒரு வாக்கியம் உனக்கு இனிமையாக ஞாபகம் இருந்தால், அது யார் முகத்தில் விழுந்தது என்று கேள்.

ஒத்திகை நாளில் நீ இல்லை, சூளை வேலையாகப் போயிருந்தாய். வீடியோவைத்தான் பார்த்தாய். நான் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தை விற்றபோது ஃப்ளாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பதினான்கு பேரை வேனில் கூட்டிவந்தேன். அவர்கள் மனம் குளிரும், கண் கலங்கிக் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன், மடச்சி. நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். எல்லாரும் உட்கார்ந்து கொண்டுவந்த கறிபாப் பொட்டலத்தைப் பிரித்து, ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பிகள் இன்னும் வராததால் கயிறு கட்டியிருந்தோம். நடிகர் வந்தார், பேரேட்டைத் திறந்தார், யாரோ தண்டவாளத் துண்டை அடித்தார்கள்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள், தம்பி. யாரும் சொல்லவில்லை. பாதி தின்ற கறிபாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். முட்டி வலியால் வேனிலிருந்து இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்த அம்மாகூட எழுந்து போனார். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம், நாங்கள் கட்டியிருந்த கயிற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்களுக்கு அவர்கள் இடம் தெரிந்திருந்தது. காளிமுத்து அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பேச்சு நின்றது. டத்தோவின் ஆட்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மாரியாயி அக்கா மட்டும் கழிவறைக்குப் போயிருந்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். நடிகர் தலையைத் தூக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை நான் சொல்லிக் கொடுத்த குரலில் சொன்னார். நேரம் போச்சு, இன்னிக்கு உனக்குப் பேர் இல்ல, வீட்டுக்குப் போ.

மாரியாயி அக்கா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திரும்பி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள், அந்தம்மா என்னமா நடிக்கிறார் என்று டத்தோவின் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். ஒரு விநாடிதான், ஆனால் சிரித்தேன், வீடியோவில் என் பல் தெரிகிறது. அப்புறம்தான் வரிசையில் நிற்கிறவர்கள் யாருமே சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

வாசலில் போய்ப் பிடித்தேன். வேனைத் தேடிக்கொண்டிருந்தார். "அக்கா, அது சும்மா நடிப்புதானேக்கா" என்றேன். "தெரியும் கண்ணு" என்றார். "தெரிஞ்சுதான் நின்னேன். காலு தானா திரும்பிருச்சு." அவரே சொன்னார், "ஐயா கொரலு மாதிரியே இருந்துச்சு. எத்தன தடவ இதே வாசலு வரைக்கும் நடந்திருக்கேன் தெரியுமா. புள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ஓடியாருவேன், ஐயா தலையே தூக்க மாட்டாரு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, என் ரவிக்கை வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்து, தன் கைக்குட்டையை நீட்டினார். "நீ அந்த வராந்தாவுல பிஸ்கோத்து தின்னுக்கிட்டு இருப்ப. சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்." பிறகு களத்தைத் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்டார். "எனக்கு ஒரே ஆசதான். அந்தக் களத்துல ஒரு நாளாவது உக்காரணும். அங்க நாங்க உக்காந்ததே இல்ல பாரு. பாய விரிச்சு, காலை நீட்டி, ஒரு டீயக் குடிச்சிட்டு, ஒரு பயலும் எழுந்திருன்னு சொல்லாம." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உக்கார வைக்கிறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு இப்போது உன் மேசையில் இருக்கிறது.

மறுநாளே புதுப் படம் போட்டேன். வரிசையைக் களத்தைவிட்டு எடுத்து, பழைய கால்வாய்க் கரையோரம் மர நிழலில் கொண்டுபோனேன். ரயிலும் ஓடும், ஆளும் ஏறுவார்கள், நடை கொஞ்சம் கூடும். களத்தில் புல், உட்கார அகலமான தாழ்வான கல் திண்டுகள், பாய் விரிக்க இடம். தண்டவாளத் துண்டை ஒரு குழந்தைகூட அடிக்கிற உயரத்தில் தொங்கவிட்டேன். யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும், யாரும் எழ வேண்டாம். பேரேடு கிடையாது, கிராணி கிடையாது. படத்தைச் சுருட்டிக்கொண்டு ஷா ஆலமில் டத்தோ ஆபீசுக்குப் போனேன்.

டத்தோ நம் ஆள்தான், நல்ல மனுஷன்தான், எனக்குத் தன் கையால் தே தாரேக் டீ எடுத்துக் கொடுத்தார். அதுதான் பிரச்சினை. "மேடம், அந்தம்மா திரும்பிப் போனாங்க பாருங்க, அதான் ஹைலைட். எனக்குப் புல்லரிச்சிருச்சு. விளம்பரத்துக்கே அதப் போடலாம்னு இருக்கேன்" என்றார். "அது நடிப்பு இல்ல டத்தோ" என்றேன். "அதான் மேடம் நானும் சொல்றேன். ஒரிஜினல் லா" என்றார். நான் புதுப் படத்தை விரித்தேன். பார்த்துவிட்டு, "வெறும் புல்லா? டிக்கெட் வாங்கினவன் புல்லைப் பார்க்கவா வரான்? வரிசை இல்லாத பார்க் எங்கயாவது இருக்கா? வரிசைக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்" என்றார். "அதனாலதான் டத்தோ. எங்க வரிசை கூடாதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பழைய படத்தை என் பக்கம் தள்ளி, பேனாவைத் திறந்து வைத்தார். நான் பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு வந்தேன். அது மரியாதை இல்லைதான். அன்றைக்கு எனக்கு மரியாதை வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு நம் வீட்டில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை, அதற்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே, "மா, நாம ஒதுங்கிட்டா அந்த இடத்துல டைனோசர வைப்பான். நம்ம ஆளுங்க கதை ஒரு பார்க்குலயாவது இருக்கட்டுமே. கொஞ்சம் தப்பா இருந்தாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா?" என்றாய். கெட்டிக்காரத்தனமான கேள்வி. நான் அப்போது கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். வைக்கட்டும் டைனோசரை. டைனோசர் உறுமும், பிள்ளைகள் பயந்து சிரிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்குப் பேர் இல்லை என்று சொல்லாது. நம் கதையை வைப்பதாகச் சொல்லி, அதே ஆட்களை அதே இடத்தில் அதே வரிசையில் இன்னொரு தடவை நிற்க வைப்பதற்குப் பெயர் நினைவு இல்லை, தம்பி. அது அடுத்த பெரட்டு. இந்தத் தடவை அவர்களே டிக்கெட் எடுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாத்தாவை நான் காட்டிக் கொடுத்துவிட்டதாக உனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லாவிட்டாலும் தெரிகிறது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறியவர், நீ ஆசைப்பட்டாய் என்று ரயில் பார்க்க மணிக்கணக்கில் செந்தூல் பாலத்தில் நின்றவர். அதெல்லாம் உண்மை. அவர் தலையைத் தூக்காமல் மாரியாயி அக்காவைத் திருப்பி அனுப்பியதும் உண்மை. அவருக்கு மேலே மேனேஜர் இருந்தார், மேனேஜருக்கு மேலே கம்பெனி இருந்தது, இவர் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இவர் வேலை போயிருக்கும், நான் படித்திருக்க மாட்டேன், நீ இந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டாய். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். நாம் சாப்பிட்ட சோற்றில் அந்த வாக்கியம் இருக்கிறது. அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் அவர் வயிற்றுக்காகச் சொன்னதை நான் வேடிக்கைக்காக எழுதினேன் பார், அது அவருடைய தப்பைவிடப் பெரிய தப்பு. அவருக்கு வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது. உனக்கும் இருக்கிறது.

உன் வேலை போய்விடும் என்று நீ பயப்படுகிறாய். கல்யாணம் முடிந்து ஆறு மாதம்தான், காஜாங்கில் இப்போதுதான் வீடு எடுத்திருக்கிறீர்கள், மருமகளுக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று நானும் யோசித்தேன். அதனால் உன்னைக் கையெழுத்துப் போடாதே என்று மிரட்ட மாட்டேன். பெற்றவள் சொன்னாள் என்பதற்காக நீ போடாமல் இருந்தால் அதுவும் மணி அடித்ததும் எழுந்து நிற்பதுதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதற்கு முன் சைட்டுக்குப் போ. காவலாளி அண்ணனிடம் உன் அம்மா பெயரைச் சொல், விடுவார். களத்தின் நடுவே போ. நான் உனக்குக் கற்றுக் கொடுத்த மாதிரி நின்று அளக்காதே, மேட்டில் ஏறிக் கீழே பார்க்காதே. வராந்தா இருந்த பக்கம் போகவே போகாதே. தரையில் உட்கார். பேன்ட் அழுக்காகும், ஆகட்டும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, எந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் உன் பெயரைக் கூப்பிட்டால் உனக்கு எழுந்திருக்கத் தோன்றும் என்று பார். அதற்குப் பிறகு பேனாவை எடுப்பதும் எடுக்காததும் உன் பாடு.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பாய். வீட்டில் சும்மா இருக்கப் போகிறேன், சீரியல் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தால் உன் அம்மாவை உனக்குத் தெரியவில்லை. திறப்பு நாளுக்கு முன்பதிவு எப்போது தொடங்குகிறதோ அன்றைக்கே பதினைந்து டிக்கெட் எடுப்பேன், அந்தப் பதினான்கு பேருக்கும் எனக்கும். வேன் பேசிவிட்டேன். மாரியாயி அக்கா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் போய்ப் புதுப் பாய் இரண்டு வாங்கிவிட்டார். நிறம் பிடிக்கவில்லை என்று ஒன்றை மாற்றியும் வந்துவிட்டார். காளிமுத்து அண்ணன் கறிபாப்புக்குப் பொறுப்பு. நீ கம்பி போடாமல் விட்டிருந்தால் புல்லில் உட்காருவோம். போட்டிருந்தால் கம்பிகளுக்கு நடுவே உட்காருவோம், அந்த வளைவுகள் நான் வரைந்தவை, எங்கே இரண்டு பாய் விரியும் என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போகட்டும், கோபப்படுகிறவர்களுக்கு ஒரு கறிபாப் கொடுப்போம். தண்டவாளத்தை அடிப்பார்கள். அந்த நடிகர் டிக்கெட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மாரியாயி என்பார், காளிமுத்து என்பார், கடைசியில் என் பெயரையும் சொல்வார், என் அப்பாவின் குரலிலேயே. ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டோம்.

உனக்கும் பாயில் இடம் போட்டு வைக்கிறேன். அன்றைக்கு நீ எந்தப் பக்கத்து ஆளாக அங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாது, கழுத்தில் அடையாள அட்டையோடு டத்தோ பக்கத்தில் நிற்பாயோ என்னவோ. நின்றாலும் பரவாயில்லை, ரிப்பன் வெட்டி முடித்துவிட்டு வா, எல்லாரும் போன பிறகுகூட வா. நேரம் போச்சு என்று இங்கே யாரும் சொல்ல மாட்டோம். எப்போது வந்தாலும் உனக்குப் பேர் உண்டு.

அம்மா